கேளுங்கள் டாக்டரம்மா: மூட்டை மேல் பழி போடாதீர்கள்

போன இதழில் பித்தப்பைக் கல்லைப் பற்றி எழுதும்போது பேச்சுவாக்கில் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. முக்கால்வாசிப் பேர் 'பெயர் போட வேண்டாம்' என்று கேட்டிருக்கிறார்கள். இடம் அப்படிப்பட்டது, புரிகிறது. ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் சர்ஜரி வார்டிலேயே தலை நரைத்தவள் நான். எங்கள் ஆபரேஷன் லிஸ்ட்டில் ஹெர்னியா இல்லாத நாள் அபூர்வம். அதனால் இந்த இதழ் முழுக்கத் தொடை இடுக்குதான்.

*காய்கறி மண்டியில் சுமை தூக்குகிறேன், வயது 38. நின்றால் வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு புடைக்கிறது, படுத்தால் காணாமல் போகிறது. வெங்காய மூட்டையைத் தம் கட்டித் தூக்கியபோது குடல் இறங்கிவிட்டது என்கிறாள் மனைவி. மூட்டை தூக்கினால் வயிறு கிழியுமா? எந்த இடம் கிழிந்திருக்கும்?*
*- ஒட்டன்சத்திரம் வாசகர்*

எதுவும் கிழியவில்லை தம்பி. பெரும்பாலும் இது பிறக்கும்போதே உங்களோடு வந்த வழி. வெங்காய மூட்டை அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

கைலியை இறுக்கிக் கட்டும்போது இடுப்பின் முன்பக்கவாட்டில் ஓர் எலும்பு முனை கைக்குத் தட்டுப்படுமே, அதில் ஒரு விரலை வையுங்கள். அடிவயிற்றுக்குக் கீழே, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன எலும்பு மேடு இருக்கும். அதில் இன்னொரு விரல். இந்த இரண்டுக்கும் இடையே சாய்வாக ஓடுகிறது ஒரு கெட்டியான நார்ப்பட்டை. இங்குவைனல் லிகமென்ட் என்போம். வயிறு முடிந்து தொடை தொடங்கும் எல்லை அதுதான். புடைப்பு அந்தக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பதைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார்.

வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று அடுக்குத் தசை உண்டு. விலா எலும்புக்குக் கீழே மூன்றும் சேர்ந்து நல்ல தடிமனாக இருக்கும். கீழே இறங்க இறங்க நிலைமை மாறுகிறது. வெளி அடுக்கில் சதை தீர்ந்துபோய், வெள்ளையாகப் பளபளக்கும் நார்த்தகடு மட்டும் மிஞ்சும். அந்தத் தகட்டின் கீழ் ஓரம் உள்பக்கம் சுருண்டு தடித்ததுதான் மேலே சொன்ன லிகமென்ட். நடு அடுக்கும் உள் அடுக்கும் வெளியோரத்தில் லிகமென்ட்டைத் தொட்டுக்கொண்டுதான் கிளம்புகின்றன. ஆனால் நடுவை நோக்கிப் போகப் போக மேலே வளைந்து ஏறிவிடுகின்றன. அந்த வளைவுக்கும் லிகமென்ட்டுக்கும் இடையில் சதையே கிடையாது. டிரான்ஸ்வர்சாலிஸ் ஃபேசியா என்ற மெல்லிய உறைதான் அங்கே பின்சுவர். நாம் நிமிர்ந்து நடக்கிற ஜாதி. குடலின் கனம் முழுக்க கீழ்நோக்கி, இந்தச் சதையில்லாத இடத்தைத் தேடித்தான் வருகிறது.

ஆண்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம். கருவில் விதைகள் உண்டாவது விதைப்பையில் இல்லை. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், முதுகுப்புறச் சுவரில். அங்கிருந்து மெல்ல இறங்கி, சுமார் ஏழாம் மாதத்தில் அடிவயிற்றுச் சுவர் வழியாக வெளியே வருகின்றன. வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியமும் அந்த வழியில் ஒரு குழல் வடிவப் பையாக நீண்டு இறங்குகிறது. விதை இடம் சேர்ந்த பிறகு அந்தப் பை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடாது, சிலருக்கு அரைகுறையாக மூடும். வலது விதை இடதைவிடத் தாமதமாக இறங்குவதால், வலப்பக்கப் பை மூடுவதும் தாமதம். ஹெர்னியா வலப்பக்கம் அதிகம் வருவதற்கு நாங்கள் சொல்லும் காரணம் இதுதான். உங்களுக்கும் வலதுதானே?

விதைக்குப் போகிற ரத்தக்குழாய்கள், விந்துக்குழாய் எல்லாம் சேர்ந்த தண்டு சுவரைக் கடந்து போகும் சாய்வான பாதைக்கு இங்குவைனல் கால்வாய் என்று பெயர். பெரியவர்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். உள்வாசல் லிகமென்ட்டின் நடுவுக்குச் சற்று மேலே இருக்கும். வெளிவாசல் அந்த எலும்பு மேட்டுக்குப் பக்கத்தில். இரண்டும் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித் தள்ளி இருப்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. நீங்கள் தம் கட்டும்போது உள்ளிருந்து வரும் அழுத்தம் கால்வாயின் பின்சுவரை முன்சுவரோடு சேர்த்து அமுக்கிவிடும். அதே நொடியில் மேலே வளைந்து நிற்கும் இரண்டு தசைகளும் இறுகி, கடை ஷட்டர் மாதிரி லிகமென்ட்டை நோக்கி இறங்கும். பாடப்புத்தகத்திலேயே இதற்கு ஷட்டர் என்றுதான் பெயர். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு ஆபரேஷன் செய்கிற நாட்களில், பாதியில் நிறுத்தி, "ஒரு தடவை இருமுங்க ஐயா" என்பேன். திறந்த காயத்துக்குள் அந்தத் தசை சட்டென்று இறங்குவதும், பலமில்லாத இடம் மட்டும் உப்பி எழுவதும் கண்ணுக்குத் தெரியும். கூட நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த ஓர் இருமல் பத்து லெக்சருக்குச் சமம்.

ஆக, உங்கள் உடம்பில் மூடாமல் விட்டுப்போன பை காலியாக இருந்திருக்கும். ஷட்டரும் இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கும். ஒருநாள் கொழுப்போ குடலோ அதற்குள் இறங்கிவிட்டது. மூட்டைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுக்க நின்றும் கனம் தூக்கியும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வகை ஹெர்னியா கூடுதலாக வருகிறது என்று டென்மார்க்கில் செய்த ஆய்வு சொல்கிறது. ஆனால் அதே மண்டியில் அதே மூட்டையைத் தூக்குகிற எல்லோருக்குமா வந்திருக்கிறது? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு அதிகம். பீடி உண்டா என்றும் சேர்த்தே கேட்கிறேன். நார்த்திசுவுக்கு உறுதி தரும் கொலாஜனைப் புகை கெடுக்கும், இருமல் வேறு கூட வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்களில் 27 சதவீதம் பேருக்கும், பெண்களில் 3 சதவீதம் பேருக்கும் ஆயுளில் எப்போதாவது தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்பது எங்கள் துறையில் சொல்லும் கணக்கு.

அவசரமா? இன்றைக்கே இல்லை. தொந்தரவு அதிகம் இல்லாத ஆண்களில் ஒரு பகுதியினரை ஆபரேஷன் செய்யாமல் கவனித்து வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. 1000 பேரை ஒரு வருஷம் கவனித்தால், குடல் மாட்டிக்கொண்டு அவசரத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அப்படிக் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பத்து வருஷத்துக்குள் தாங்களாகவே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். உங்கள் பிழைப்பு கனம் தூக்குவது. தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள் என்பேன். அரசு ஆஸ்பத்திரியில் இது அன்றாடம் நடக்கிற ஆபரேஷன்.

ஒன்றை மட்டும் மனைவியிடமும் சொல்லி வையுங்கள். படுத்தாலும் வீக்கம் உள்ளே போகவில்லை, தொட்டால் இறுகிப்போய் வலிக்கிறது, வாந்தி வருகிறது, காற்றுப் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். ராத்திரி எத்தனை மணியானாலும் கேஷுவாலிட்டிக்குப் போங்கள், ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல். எண்ணெய் போட்டு நீவி உள்ளே தள்ளுகிறேன் என்று வருகிற ஆளைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

*ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வயது 67. இரண்டு பக்கமும் வீக்கம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வலது பக்கம் 'இன்டைரக்ட்', இடது பக்கம் 'டைரக்ட்' என்று இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு வகை வருமா? எது மோசம்?*
*- விழுப்புரம் வாசகர்*

வரும். சில பேருக்கு ஒரே பக்கத்தில்கூட இரண்டும் சேர்ந்து வரும்.

தொடைக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, வயிற்றுச் சுவரின் உள்பக்கமாக மேலே ஏறும். இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் தமனி. அதற்கு வெளிப்பக்கம், கால்வாயின் உள்வாசல் வழியாக நுழைந்து சுற்றி வந்தால் இன்டைரக்ட். அதற்கு நடுப்பக்கம், பின்சுவரையே நேராகத் தள்ளிக்கொண்டு வந்தால் டைரக்ட். அந்தத் தமனியும், லிகமென்ட்டும், வயிற்றின் நடுவே செங்குத்தாக ஓடும் தசையின் ஓரமும் சேர்ந்து ஒரு முக்கோணம் போடும். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் ஊரில் இருந்த ஹெசல்பாக் என்ற உடற்கூறு நிபுணர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் விவரித்தது. இன்றைக்கும் எங்கள் வாய்மொழித் தேர்வில் அந்த முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் சொல்லாமல் ஒரு பிள்ளையும் தப்ப முடியாது.

வலப்பக்கத்தது மூட்டை தூக்கும் தம்பிக்குச் சொன்ன பழைய பை. இடப்பக்கத்தது வயதின் வேலை, உறை தளர்ந்து உப்பியிருக்கிறது. டைரக்ட் வகையில் வாய் அகலமாக இருப்பதால் குடல் மாட்டிக்கொள்வது குறைவு. அதனால் இரண்டில் இன்டைரக்ட்தான் அதிகம் கவனிக்க வேண்டியது.

ஆனால் ஐயா, உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு. ராத்திரி எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்கள்? முக்கித்தான் போக வேண்டியிருக்கிறதா? மலச்சிக்கல், நாள்பட்ட இருமல்? இந்த வயதில் புதிதாக ஹெர்னியா வந்தால் புராஸ்டேட்டை (வீங்கினால் சிறுநீருக்கு முக்க வைக்கும் சுரப்பி) விசாரிக்காமல் விடக் கூடாது. தினமும் முக்குகிற பழக்கத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அந்தத் தையலுக்கு மரியாதை இல்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டு பக்கமும் இருப்பதால் லேப்ராஸ்கோப்பியில் (கேமராக் குழாய் விட்டுச் செய்யும் ஆபரேஷன்) ஒரே தடவையில் முடித்துக்கொள்ளலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். உள்பக்கமிருந்து பார்க்கும்போது இரண்டையும் அதே மூன்று சின்னத் துளைகள் வழியாகவே சரிசெய்துவிடலாம்.

ஸ்கேன் எடுத்ததில் தவறில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. நிற்க வைத்து, இருமச் சொல்லி, கை வைத்துப் பார்த்தால் போதும். படுக்க வைத்து மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள்.

*என் அம்மாவுக்கு 64 வயது. வலது தொடை மடிப்பில் சுண்டைக்காய் அளவு கட்டி. வலியே இல்லை. நெறி கட்டியிருக்கிறது என்று ஆறு மாதம் விட்டுவிட்டோம். இப்போது ஒரு டாக்டர் பார்த்துவிட்டு உடனே ஆபரேஷன் என்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தா தேங்காய் அளவு ஹெர்னியாவோடு வருஷக்கணக்காக நடமாடுகிறார். பணம் பிடுங்கப் பார்க்கிறார்களா?*
*- நாகர்கோவில் வாசகி*

இல்லை அம்மா. அந்த டாக்டர் சொன்னது சரி. இந்த மாதக் கடிதங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்களுடையதுதான்.

முதல் பதிலில் சொன்ன லிகமென்ட்டை நினைவில் வையுங்கள். தாத்தாவுக்கு இருப்பது அநேகமாக அதற்கு மேலே. அம்மாவுக்கு அதற்குக் கீழே இருக்கிறது. வயிற்றிலிருந்து காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் லிகமென்ட்டுக்கு அடியில் நுழைந்துதான் தொடைக்குள் இறங்குகின்றன. வெளியே தமனி, நடுப்பக்கம் சிரை. சிரைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி, ஒன்றேகால் சென்டிமீட்டர் நீளத்துக்கு. நடக்கும்போது சிரை விரிய இடம் வேண்டுமே, அதற்காக விட்ட இடம் அது. சாதாரணமாக அதில் கொஞ்சம் கொழுப்பும் ஒரு நெறிக்கட்டி முடிச்சும்தான் இருக்கும். குடல் அதற்குள் இறங்கினால் ஃபீமோரல் ஹெர்னியா.

அந்த வாய் விரியாது. முன்னால் லிகமென்ட், பின்னால் எலும்பை ஒட்டிய கெட்டி நார், நடுப்பக்கம் கூர்மையான ஓரமுள்ள இன்னொரு நார். நாலாவது பக்கத்தில் மட்டும்தான் மிருதுவான சிரை. தேங்காய் அளவு ஹெர்னியாவுக்கு வாசலும் பெரிதாக இருப்பதால் குடல் போய் வந்துகொண்டிருக்கும். சுண்டைக்காய் அளவு இருப்பதுதான் அதன் குறுகிய வாயில் நெரிபடும். 1991இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஃபீமோரல் ஹெர்னியா குடலை நெரிக்கும் வாய்ப்பு மூன்று மாதத்தில் 22 சதவீதம், 21 மாதத்தில் 45 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இங்குவைனல் ஹெர்னியாவுக்கு அதே ஆய்வில் இரண்டு வருஷத்துக்கும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இன்னொரு மோசமான குணமும் இதற்கு உண்டு. சில நேரம் குடலின் முழுச் சுற்றும் மாட்டாமல், சுவரின் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொள்ளும். உள்ளே அழுகிக்கொண்டிருக்கும், ஆனால் மலம் போய்க்கொண்டே இருக்கும். வீட்டில் 'வயிறு சரியாகத்தானே போகிறது' என்று இருந்துவிடுவார்கள். வயதான அம்மாக்கள் வாந்தி, வயிற்று உப்புசம் என்று வந்து, குளுக்கோஸ் ஏற்றி ரெண்டு நாள் கழித்துத்தான் என் வார்டுக்கு வருவார்கள். எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள், ரத்தம் எடுத்திருப்பார்கள். புடவையைக் கொஞ்சம் விலக்கித் தொடை மடிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாவும் கூச்சப்பட்டுச் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் பிள்ளைகளிடம் இதற்காக நான் கத்தியது கொஞ்சநஞ்சமில்லை.

பெண்களுக்கும் அதிகம் வருவது இங்குவைனல் வகைதான். ஆனால் ஃபீமோரல் வகை ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், அதுவும் வயது போன பிறகு. பிரான்சில் ஹென்றி ஃப்ருஷோ என்ற சர்ஜன் 1956இல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். டைரக்ட், இன்டைரக்ட், ஃபீமோரல் என்று நாம் பிரித்து வைத்திருக்கிற மூன்றுமே சுவரின் ஒரே பெரிய பலவீனமான பரப்பின் வழியாகத்தான் வருகின்றன, லிகமென்ட் அதன் குறுக்கே ஓடி மேல் பாதி கீழ் பாதி என்று பிரிக்கிறது என்றார். பிளாஸ்டிக் இழை வலை ஒன்றை உள்பக்கம் விரித்து அந்தப் பரப்பு முழுவதையும் மறைக்கிற லேப்ராஸ்கோப்பி முறைக்கு அடிப்படை அவர் வரைந்த படம்தான். அம்மாவுக்கு அது நல்ல வழி. எந்த முறையானாலும் சரி, இந்த மாதமே செய்துவிடுங்கள்.

*என் மகனுக்கு நான்கு மாதம். அழுதால் ஒரு பக்கம் தொடை இடுக்கிலிருந்து விதைப்பை வரை புடைக்கிறது. தூங்கினால் இல்லை. ஒரு வயது ஆகட்டும், தானாகச் சரியாகும் என்கிறார் மாமியார். தொப்புளில் காசு வைத்துக் கட்டிய மாதிரி இதற்கும் துணி கட்டலாம் என்கிறார்.*
*- திருப்பூர் வாசகி*

மாமியார் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார். தொப்புள் புடைப்பு பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். காசு கட்டினாலும் மூடும், கட்டாவிட்டாலும் மூடும், பெருமை காசுக்குப் போகிறது. கட்டினால் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

தொடை இடுக்கில் வருவது தானாக மூடாது. மூட வேண்டிய பை மூடாமல் போனதால் வந்தது. சின்னக் குழந்தைக்கு அதில் குடல் மாட்டும் அபாயம் பெரியவர்களைவிட அதிகம். மாட்டினால் விதைக்குப் போகும் ரத்தமும் தடைபடலாம். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் கவனம். குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் சீக்கிரம் காட்டுங்கள், நாள் குறித்துக் கொடுப்பார். குழந்தைக்கு வலை எல்லாம் வேண்டாம், அந்தப் பையைப் பிரித்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது. சுவர் நன்றாகத்தான் இருக்கிறது.

வெறும் நீர் கோத்த விதைப்பையாக இருந்தால் அவசரமில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதில் வற்றிவிடும். டார்ச் அடித்துப் பார்த்து நீர்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். குழந்தையின் குடல் மெல்லியது, அதுவும் டார்ச்சில் ஒளிரும். அழும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் குழந்தை சமர்த்தாகச் சிரிக்கும், வீக்கமும் வெளியே வராது.

*ஹெர்னியா பெல்ட் போட்டால் சரியாகுமா?*
*- கும்பகோணம் வாசகர்*

ஆகாது. ஆபரேஷன் செய்ய முடியாத உடல்நிலையில், படுத்து முழுவதும் உள்ளே தள்ளிய பிறகு போட்டுக்கொண்டால் நடமாட்டத்துக்கு உதவும். வீக்கம் வெளியே இருக்கும்போது அதன் மேலேயே இறுக்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சும்மா இருப்பது மேல்.

*வலை வைத்துத் தைப்பதாகச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் வலை உடம்புக்குள் இருக்கலாமா? யூடியூபில் பயமுறுத்துகிறார்கள். கொசுவலையையே வைத்துத் தைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் வேறு சொன்னார்.*
*- காரைக்குடி வாசகர்*

நண்பர் சொன்னது உண்மை. அதற்கு வருவதற்கு முன் ஒரு பழைய கதை.

இத்தாலியில் எடோர்டோ பசினி என்று ஒருவர். மருத்துவம் படித்து முடித்த கையோடு, இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படையில் சேர்ந்து, 1867இல் ரோம் நகருக்கு வெளியே நடந்த சண்டையில் வலது அடிவயிற்றில் துப்பாக்கிக் கத்திக் குத்து வாங்கினார். குடலில் ஓட்டை விழுந்து, அதிலிருந்து மலம் கசிய, கைதியாகவும் இருந்து, எப்படியோ பிழைத்தார். பிற்பாடு பதுவா நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1884இல் ஹெர்னியாவுக்குப் புது வகை ஆபரேஷன் ஒன்றைத் தொடங்கினார். அதுவரை பையைக் கட்டி வாசலை இறுக்குவதோடு நிறுத்திக்கொண்டார்கள், திரும்பத் திரும்ப வந்தது. பசினி கால்வாயின் பின்சுவரையே புதிதாகக் கட்டினார். மேலே வளைந்து நிற்கும் தசைகளைக் கீழே இழுத்து லிகமென்ட்டோடு சேர்த்துத் தைத்தார். நான் படித்த காலத்தில் இதுதான் வேதம்.

குறை என்னவென்றால், தசையை அது இருக்க விரும்பாத இடத்துக்கு இழுத்துக் கட்டுகிறோம். நோயாளி ஒவ்வொரு தடவை எழும்போதும் தையல் வலிக்கும், நாளடைவில் அறுத்துக்கொண்டும் வரும். லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டென்ஸ்டைன் என்ற சர்ஜன் 1980களில் இழுப்பதையே விட்டுவிட்டு, இடைவெளியின் மேல் பாலிப்ரோப்பிலீன் வலையை விரித்துத் தைத்தார். வழக்கமாக 6க்கு 3 அங்குலத் துண்டு பெட்டியில் வரும். ஓரத்தை வளைவாக வெட்டி, விந்துத்தண்டு நுழைய ஒரு பிளவு போட்டு, முதல் பதிலில் சொன்ன அந்தச் சின்ன எலும்பு மேட்டைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டராவது படியும்படி விரிப்போம். கஞ்சத்தனம் பார்த்து அந்த மேட்டோடு நிறுத்தினால், திரும்ப வருவது சரியாக அந்த இடத்தில்தான். உடம்பின் நார்த்திசு வலைக்கண்களுக்குள் வளர்ந்து, சில வாரத்தில் அது சுவரின் பாகமாகிவிடும்.

யூடியூப் பயத்தில் பாதி வேறு வலையைப் பற்றியது. கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலைகளில் சிக்கல்கள் வந்து, அவற்றின் விற்பனையை 2019இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை நிறுத்தியது. தொடை இடுக்கு வலைக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். இதிலும் கிருமித்தொற்று, வலி என்று சிலருக்கு வருவது உண்மை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வலையே வேண்டாம் என்றால், புனேயைச் சேர்ந்த டாக்டர் தேசர்தா, வெளி அடுக்கின் வெள்ளைத் தகட்டிலிருந்தே ஒரு பட்டையைப் பிரித்துப் பின்சுவராகத் தைக்கும் முறையைக் கொடுத்திருக்கிறார். அந்தத் தகடு நல்ல உறுதியாக இருப்பவர்களுக்கு ஏற்றது.

இப்போது கொசுவலை. மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் தோங்காவ்கர் என்ற சர்ஜன். கம்பெனி வலையின் விலை அவருடைய ஏழை நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. கொசுவலைத் துணியும் கிட்டத்தட்ட அதே ஜாதிப் பிளாஸ்டிக்தானே என்று, வெட்டி, கிருமி நீக்கம் செய்து பயன்படுத்தி, 2003இல் இந்திய மருத்துவ இதழில் எழுதினார். முகம் சுளித்தவர்கள் நிறைய. பிறகு உகாண்டாவில் 302 ஆண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கம்பெனி வலை, பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணி என்று வைத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்து, கொசுவலைப் பக்கம் ஒரே ஒருவருக்குத் திரும்ப வந்திருந்தது, கம்பெனி வலைப் பக்கம் யாருக்கும் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே கிடையாது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் பிறந்த யோசனை உலகம் சுற்றி வந்ததில் எனக்குத் தனிப் பெருமை. அதற்காகக் கடையில் கொசுவலை வாங்கிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போய்விடாதீர்கள்.

*ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். தழும்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கம் மரத்துப்போய் இருக்கிறது. நரம்பை வெட்டிவிட்டார்களா?*
*- தஞ்சாவூர் வாசகர்*

அந்த இடத்தில் மூன்று நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. வெள்ளைத் தகட்டைத் திறந்தவுடன் விந்துத்தண்டின் மேலேயே படுத்திருக்கும் ஒன்று, தடித்த நூல் அளவுதான் இருக்கும். விதைப்பையின் மேல்பகுதிக்கும் தொடையின் உள்பக்கத்துக்கும் தொடு உணர்ச்சி தருவது அது. கவனமாக ஒதுக்கினாலும் கொஞ்சம் இழுபடும். சில சமயம் அதை வேண்டுமென்றே வெட்டிவிடுவதும் உண்டு, வலையில் சிக்கி வலி தருவதைவிட மரத்துப்போவது மேல் என்று. மரப்பு மெல்லக் குறையும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் நடக்க, உட்கார, தாம்பத்தியத்துக்கு எந்தத் தடையும் இல்லை. (இதைக் கேட்கத்தான் பாதிக் கடிதங்கள் வந்தன, எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.)

மரப்பு வேறு, வலி வேறு. மூன்று மாதம் தாண்டியும் சுரீர் என்று இழுக்கிற வலி இருந்தால் அதே சர்ஜனிடம் திரும்பப் போங்கள். பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஓரளவு வலி நீடிக்கிறது, வேலையைக் கெடுக்கிற அளவுக்கு வருவது அதைவிடக் குறைவு. நரம்பைச் சுற்றி ஊசி போடுவதில் தொடங்கி இதற்கு வைத்தியம் இருக்கிறது. 'எல்லாம் மனசுதான்' என்று அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

*யோகாவில் ஹெர்னியா குணமாகும் என்று எங்கள் பார்க்கில் ஒருவர் சொல்கிறார்.*
*- கோயம்புத்தூர் வாசகர்*

தசையைப் பலப்படுத்தலாம். தசையே இல்லாத இடத்தில் எதைப் பலப்படுத்துவது? மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குகிற ஆசனங்களை ஆபரேஷன் வரை விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம்.

*டீக்கடை வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் கடையை மூட வேண்டும்? வண்டி எப்போது ஓட்டலாம்?*
*- தேனி வாசகர்*

அன்று சாயங்காலமே எழுந்து நடக்க வைத்துவிடுவார்கள். படுத்தே கிடப்பதால் ஒரு லாபமும் இல்லை. ஒன்றிரண்டு வாரத்தில் கல்லாவில் உட்காரலாம். அவசரமாகப் பிரேக் அடித்தாலும் அடிவயிறு சுளீர் என்று இழுக்காது என்ற நம்பிக்கை வந்தபின் வண்டி. அதற்கு நாள் கணக்குக் கிடையாது, வண்டியை நிறுத்தி வைத்து பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், தண்ணீர். பால் கேனையும் சிலிண்டரையும் மட்டும் நாலைந்து வாரத்துக்குப் பையனைத் தூக்கச் சொல்லுங்கள்.